கனவான் தளபதியும் ஒரு தையல் மெஷினும்

விருதுநகர் தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவனுக்கு நார்வேயில் வாசகர்கள் இருப்பார்கள் என்று யாராவது நினைத்திருப்பார்களா? நான் நினைத்திருந்தேன். என் மனைவிதான் நம்பவில்லை. அழைப்புக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, குரங்குக் குல்லாவை மறக்காமல் எடுத்து வைக்கும்படி மட்டும் சொன்னாள்.

விஷயம் இதுதான். தபால் வேலை போக மிச்ச நேரத்தில் நான் போர்ச் சரித்திரம் எழுதுகிறவன். 'பனிமுனைப் போர்கள்' என்ற என் புத்தகம் ஏழு பதிப்பு கண்டது. அதில் எல்லோரும் கொண்டாடும் அத்தியாயத்தின் பெயர் 'கனவான் தளபதி'. நாஜிகள் காலத்துப் பாவமெல்லாம் ஹிட்லர் கட்சியின் கறுப்புச் சீருடை எஸ்.எஸ். படையைச் சேர்ந்தது, சாதாரண ஜெர்மன் ராணுவம் கண்ணியமாகப் போரிட்டது என்பது அதன் சாரம். அதற்குச் சாட்சியாக, இரண்டாம் உலகப் போரின் முடிவில் நார்வேயின் வடகோடியிலிருந்து பின்வாங்கிய ஒரு ஜெர்மன் தளபதியைக் காட்டியிருந்தேன். ரஷ்யர்கள் வருமுன் அங்கிருந்த மக்களை அவர் பத்திரமாகப் படகேற்றித் தெற்கே அனுப்பினார், காலி வீடுகளை மட்டுமே எரித்தார், பிற்பாடு நீதிமன்றமே அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. இப்படி எழுதியிருந்தேன். தளபதியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஏழு பதிப்புகளில் நான் கொடுத்த விளம்பரமே அவருக்குப் போதும்.

ஒஸ்லோத் தமிழர்களின் வாசகர் வட்டம் ஒன்று அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருந்தது. ஞாயிறு மாலை கூட்டம். திங்கள் காலை சென்னையில் எட்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. திருத்தம் ஏதாவது இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கு வராது என்று பதிப்பாளர் தாமோதரன் சொல்லியிருந்தார். திருத்தமா, என் புத்தகத்திலா என்று சிரித்துக்கொண்டே விமானம் ஏறினேன்.

வியாழக்கிழமை மதியம் விமான நிலையத்தில் என்னை எதிர்கொண்டவர் சிவனேசன். யாழ்ப்பாணத்துக்காரர், ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறார், என்னைவிட இரண்டு வயது இளையவர். குரங்குக் குல்லாவோடு நின்ற என்னை அவர் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அக்டோபர் மாதம், மரங்களெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. நான் வண்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, அது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆறாவது முறையாக நான் கேட்டபோது, அதுவும் மரம்தான் என்றார்.

அவர்கள் வீடு எல்லிங்ஸ்ருட்டில், அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில். மனைவி வசந்தி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். நான் சாம்பார் நாட்டுக்காரன் என்பதற்காகத் தனியாகப் பருப்பு வைத்திருந்தார். நான் பருப்பைத் தொடவே இல்லை. புட்டும் கணவாய்க் கறியும் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். என் பேச்சில் 'ஆஸ்லோ' என்று வரும்போதெல்லாம் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். படுக்கப் போகும்முன் நானும் 'ஒஸ்லோ' என்று சொல்லப் பழகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சிவனேசனுக்கு வேலை. தனியாக ஊர் சுற்றப் போனேன். இங்குள்ள மெட்ரோ ரயிலுக்கு டி-பானே என்று பெயர். நிலைய வாசலில் தடுப்புக் கதவு இல்லை, கண்டக்டர் இல்லை, பெட்டிக்குள் பேச்சுச் சத்தமும் இல்லை. மதுரை பாசஞ்சரில் பத்து நிமிடத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் சம்பந்தி வீடு வரை தெரிந்துகொள்கிறவன் நான். பழக்கதோஷத்தில் எதிரில் இருந்த பெண்மணியிடம் எந்த ஊர், எங்கே வேலை, எத்தனை பிள்ளைகள் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். மூன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். அடுத்த நிலையம் வந்ததும் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

துறைமுகத்தை ஒட்டிய பழைய கோட்டைக்குள் போனபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வருடக்கணக்காகப் படத்தில் பார்த்து எழுதிய இடம் இது. ஜெர்மன்காரர்கள் பிடித்து வைத்திருந்த கோட்டை, அவர்கள் நார்வேக்காரர்களைச் சுட்டுக் கொன்ற முற்றம். உள்ளே ஒரு போர்க்கால அருங்காட்சியகம் இருக்கிறது. ஒளித்து வைத்துக் கேட்ட ரேடியோக்கள், திருட்டுத்தனமாக அச்சடித்த செய்தித் தாள்கள் என்று ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னும் கோயில் சன்னதியில் நிற்பதுபோல நின்றேன்.

ஒரு சுவரில் வடகோடி ஊர் ஒன்றின் புகைப்படம் இருந்தது. ஊர் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. வரிசையாகப் புகைபோக்கிகள் மட்டும் நின்றன. எரித்தது ஜெர்மன் ராணுவம் என்று கீழே எழுதியிருந்தது. அங்கே நின்ற பணியாளரிடம் எஸ்.எஸ். படைதானே என்று கேட்டேன். இல்லை, சாதாரண ராணுவம், மேலிடத்து உத்தரவுப்படி செய்தது என்றார். நான் விடுவேனா? நீதிமன்றத் தீர்ப்பைச் சொன்னேன். அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். எதிரி நெருங்கிவிட்டான் என்று தளபதி நம்பியதாகச் சொல்லி அந்த ஒரு குற்றச்சாட்டில் விட்டுவிட்டார்கள், வேறொரு நாட்டில் பிணைக் கைதிகளைக் கொன்றதற்காகத் தண்டித்தார்கள் என்றார். எனக்குத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்றும் விசாரித்தார். தளபதியே எழுதிய நினைவுக் குறிப்புகள் என்று பெருமையோடு சொன்னேன். அவர் லேசாகச் சிரித்து, "அப்படியானால் அவரிடமே கேட்டிருக்கிறீர்கள்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஜெயித்தவன் எழுதுவதுதான் சரித்திரம், போ என்று மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே இரண்டாம் நம்பர் ரயிலில் ஏறினேன். இரண்டாம் நம்பர் கிழக்கே எல்லிங்ஸ்ருட்டுக்கும் போகும், மேற்கே எதிர்முனைக்கும் போகும் என்பது கோபத்தில் நினைவுக்கு வரவில்லை. கடைசி நிலையத்தில் இறங்கி, சிவனேசனின் கட்டடத்தை இருபது நிமிடம் தேடினேன். பிறகுதான் ஊரின் மறுகோடியில் நிற்பது தெரிந்தது. போனில் சொன்னபோது சிவனேசன் சிரிக்கவில்லை. ஏறிய ரயிலிலேயே திரும்ப ஏறி, கடைசி வரைக்கும் இறங்காமல் வரச் சொன்னார்.

சனிக்கிழமைதான் நான் எதிர்பாராத திருவிழா. இங்கே ஒரு வழக்கம், 'டுக்னாட்' என்கிறார்கள். வருடத்தில் ஓரிரு நாள் குடியிருப்பில் இருக்கும் எல்லோரும் கீழே இறங்கி, கூலியில்லாமல் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இலை கூட்டலாம், வேலிக்குப் பெயின்ட் அடிக்கலாம், குப்பை அள்ளலாம். டாக்டரும் கையில் இலை வாரியோடு நிற்கிறார், பேருந்து ஓட்டுநரும் நிற்கிறார். எங்கள் தெருவில் சாக்கடை அடைத்தால் நகராட்சிக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஆள் நான். அதைக்கூட நான்கு பேரிடம் கையெழுத்து வாங்க முடியாமல் தனியாகத்தான் கொடுப்பேன். இங்கே வேலை முடிந்ததும் சாப்பாடு வேறு. நார்வேக்காரர்கள் வாஃபிள் சுட்டு, மேலே பழுப்புச் சீஸ் வைத்துத் தருகிறார்கள். அடிப்பிடித்த பால்கோவாவில் உப்புப் போட்ட ருசி. முதல் வாயில் முகம் சுளித்து, மூன்றாவது வாஃபிளுக்குக் கை நீட்டினேன். வசந்தி ஒரு பெரிய தட்டு நிறைய மீன் ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார். அதுதான் முதலில் தீர்ந்தது.

ரோல்ஸ் தட்டின் பக்கத்தை விட்டு நகராமல் நின்றவர் ஆர்னே. கீழ்த்தளத்தில் தனியாக இருப்பவர், மின்வேலை செய்து ஓய்வுபெற்றவர், வயது எண்பதுக்கு மேல். வடக்கே பிறந்தவர் என்று சிவனேசன் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அத்தியாயத்துக்குள்ளிருந்து ஒரு ஆள் எழுந்து வந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இலை வாரியைப் போட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் நார்வே மொழியில் சொல்லச் சொல்ல, சிவனேசன் தமிழில் சொன்னார்.

ஆர்னேவுக்கு அப்போது ஆறு வயது. சிப்பாய்கள் வந்தார்கள், எஸ்.எஸ். இல்லை, சாதாரணச் சிப்பாய்கள். இரண்டு மணி நேரத்தில் கிளம்பச் சொன்னார்கள். மாடுகளைச் சுட்டார்கள். ஒரு இளம் சிப்பாய் ஆர்னேயின் தங்கையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை வரை வந்தான். வழுக்கும் என்று அம்மாவுக்குக் கையும் கொடுத்தான். அதன் பிறகு மேலே ஏறிப் போய் அவர்கள் வீட்டுக்குத் தீ வைத்தான். படகிலிருந்து எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும். பிள்ளையைத் தூக்கி வந்தான், கை கொடுத்தான் என்றதும் எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. பார்த்தீர்களா, இதைத்தான் நான் எழுதினேன், கனவான்கள் என்று எழுதினேன், அவரிடம் சொல்லுங்கள் என்று சிவனேசனின் தோளைத் தட்டினேன். சிவனேசன் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆர்னே கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார். பிறகு பதில் சொன்னார்.

"ஓமாம் அண்ணை, நல்ல பெடியன்தானாம்" என்றார் சிவனேசன். "வீடு மட்டும் எரிஞ்சுபோச்சாம்."

ஆர்னே கையைத் துடைத்துவிட்டு எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஜன்னலோரத்தில் ஒரு தையல் மெஷின் இருந்தது. கையால் சுற்றும் வகை. கறுப்புப் பெயின்ட் முக்கால்வாசி உதிர்ந்து, இரும்பெல்லாம் அம்மைத் தழும்புபோலப் புள்ளி விழுந்திருந்தது. படகில் ஆளுக்கு ஒரு மூட்டைதான் என்று சிப்பாய்கள் சொல்லிவிட்டார்களாம். அம்மா இதை எண்ணெய்த் துணியில் சுற்றி, உருளைக்கிழங்குப் பாத்தியில் புதைத்துவிட்டுக் கிளம்பினார். போர் முடிந்து திரும்பியபோது ஊரில் எதுவும் இல்லை. பாத்தி எது என்றுகூடத் தெரியவில்லை. மூன்று நாள் தோண்டிக் கண்டுபிடித்தார்கள்.

வசந்தியும் கூட வந்திருந்தார். மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாங்களும் சண்டைக்கை ஊரை விட்டு வெளிக்கிடேக்கை இதைத்தான் மண்ணுக்குள்ளை தாட்டுப்போட்டு வந்தனாங்கள். கிணத்தடியிலை."

என் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அப்படியே கண்முன் வந்தது. 'மக்கள் தங்கள் உடைமைகளை நிதானமாக எடுத்துக்கொள்ளத் தளபதி அவகாசம் அளித்தார்.' நான் எழுதிய வாக்கியம். எழுதியபோது எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியம். நிதானமாகக் கிளம்புகிறவர் யாராவது தையல் மெஷினைப் புதைப்பார்களா? என் அம்மாவிடமும் ஒரு மெஷின் இருந்தது. வீடு மாறும்போது அதை மடியில் வைத்துக்கொண்டுதான் மாட்டுவண்டியில் ஏறுவார். ஆர்னே என்னைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு ஓடியது.

மாடி ஏறும்போது சிவனேசன் ஒன்று சொன்னார்: "ஆமி எழுதிற புத்தகத்திலை ஆமி எண்டைக்கும் நல்லவங்கள்தான் அண்ணை. எந்த ஆமி எண்டாலும்." எந்தெந்த ராணுவம் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. என் நாட்டு ராணுவமும் அவர் ஊரில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியதுதான்.

அன்று மாலை முழுவதும் சாப்பாட்டு மேசையில் என் புத்தகத்தை விரித்து வைத்து, கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். கோபம் போய் வேறொரு வேகம் பிடித்துக்கொண்டது. புதுத் துப்பு கிடைத்த போலீஸ்காரனைப்போல எனக்கு உட்காரவே முடியவில்லை. கண்ணியமான ராணுவம் என்ற கதை எப்படித் தயாரானது என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. போர் முடிந்த சில வருடங்களில், ரஷ்யாவை எதிர்க்க மேற்கு நாடுகளுக்கு மறுபடியும் ஒரு ஜெர்மன் ராணுவம் தேவைப்பட்டது. தளபதிகள் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள், வந்த கையோடு நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள். நாங்கள் வெறும் சிப்பாய்கள், பழியெல்லாம் எஸ்.எஸ். படைக்கு என்றார்கள். கேட்டவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. நார்வேயிலேயே ரஷ்யப் போர்க் கைதிகள் பட்டினியில் ஆயிரக்கணக்காகச் செத்த முகாம்களைக் காவல் காத்தது அதே கண்ணியமான ராணுவம்தான். அந்த நினைவுக் குறிப்புகளில் ஒன்று கப்பலேறி, பல கை மாறி, மதுரை நடைபாதைப் பழைய புத்தகக் கடைக்கு வந்து, என் கையில் சிக்கியது. ஒரே ஒரு புத்தகம். அதைச் சுவையான தமிழில் எழுதிவிட்டு, பின்னட்டையில் 'ஆய்வு நூல்' என்று போட்டுக்கொண்டேன். நம் ஊரில் போர்ச் சரித்திரம் எழுதுகிற முறை இதுதான், நான் மட்டும் விதிவிலக்கா என்ன?

ஞாயிறு காலை தாமோதரனை அழைத்து, அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னேன். அவர் பக்கங்களை எண்ணிப் பார்த்தார்.

"சரியா பதினாறு பக்கம், ஒரு ஃபாரம்" என்றார். "அதை உருவினா நடுவுல ஓட்டை. அட்டையில தளபதி படம் வேற போட்டாச்சு. ஜனம் வாங்குறதே அதுக்குத்தான். அது பொய்னு இத்தனை வருஷம் கழிச்சா தெரிஞ்சுது?"

மாலைக்குள் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

கூட்டம் ட்வெய்ட்டாவில், கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. நாற்பது பேர் இருக்கும். முன் வரிசையில் கோட்டு, டை எல்லாம் போட்டு ஆர்னே உட்கார்ந்திருந்தார். சிவனேசன்தான் அழைத்திருந்தார். தயாரித்து வந்த உரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்தேன். இது பொய் என்றேன். யார் சொன்ன பொய், எதற்காகச் சொன்னார்கள், நான் ஏன் நம்பினேன் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏன் நம்பினேன் என்பதற்கு மட்டும் பதில் சின்னது. நல்ல சீருடை போட்ட ஒரு நல்லவன் எனக்கு வேண்டியிருந்தான்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு இளைஞர் எழுந்தார். கோயம்புத்தூர்க்காரர், கார்த்திக், கணினி வேலைக்காக ஒஸ்லோ வந்தவர். "சார், காலேஜ்ல அந்த சாப்டரை மனப்பாடமா பேசி பிரைஸ் வாங்கியிருக்கேன்" என்றார். "இப்ப நான் என்ன சார் பண்றது?"

அவர் கையில் என் புத்தகத்தின் பழைய பிரதி இருந்தது, முதல் பதிப்பு, ஓரமெல்லாம் பென்சில் கோடு. கொண்டுவரச் சொன்னேன். கையெழுத்துப் போடும் பேனாவால் அந்த வாக்கியத்தின் மேல் கறுப்பாக அழுத்தி அடித்தேன். பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். கார்த்திக் வாங்கிப் பார்த்துவிட்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல், அடுத்த பக்கத்தையும் நீட்டினார். அதற்குள் அவர் பின்னால் வரிசை நின்றுவிட்டது. புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டு வரிசை நின்று பார்த்திருக்கிறேன். அடித்துத் தரச் சொல்லி நின்ற வரிசை இது ஒன்றுதான். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் புத்தகத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

வரிசையின் முடிவில் ஆர்னே வந்தார். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாதவர், சிவனேசனின் பிரதியைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். நான் பேனாவை அழுத்தப் போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

சிவனேசன் சொன்னார்: "இப்பிடி மறைச்சு அடிக்க வேண்டாமாம். என்ன பொய் சொன்னவங்கள் எண்டு ஆக்கள் வாசிக்கோணுமாம். மெல்லிசா ஒரு கோடு போட்டிட்டுப் பக்கத்திலை எழுதட்டாம்."

எனக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. ஃபாரம் உடையாது. பதினாறு பக்கமும் இருக்கும், ஒவ்வொரு பொய்யும் மெல்லிய கோட்டுக்கு அடியில் வாசிக்கும்படி இருக்கும், அதன் ஓரத்தில் உண்மையும் இருக்கும். மண்டபத்தில் நின்றபடியே தாமோதரனுக்குப் போன் போட்டேன். பக்கம் குறையாது, அட்டையையும் மாற்ற வேண்டாம், தளபதி படத்தின் மேல் ஒரு கோடு மட்டும் போடுங்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, கோடு சிவப்பா கறுப்பா என்று கேட்டார்.

பிறகு ஆர்னே கொண்டுவந்த பிரதியில் மெல்லிய கோடு போட்டு, ஓரத்தில் முதல் திருத்தத்தை எழுதினேன்: 'அவர்கள் தையல் மெஷினை உருளைக்கிழங்குப் பாத்தியில் புதைத்துவிட்டுப் போனார்கள்.' சிவனேசன் அதை நார்வே மொழியில் வாசித்துக் காட்டினார். ஆர்னே தலையாட்டி மறுத்தார்.

"'அவர்கள்' இல்லையாம் அண்ணை" என்றார் சிவனேசன். "தகப்பன் படகடியிலை நிண்டவராம். அம்மா தனியத்தான் பாத்தியிலை கிடங்கு கிண்டினவவாம்."

'அவர்கள்' என்பதை அடித்தேன். அம்மாவின் பெயரைக் கேட்டேன். முந்தின நாள் அத்தனை நேரம் அவரைக் கேள்வியால் துளைத்தவன் இதைக் கேட்டிருக்கவில்லை. ஆர்னே என்னிடமிருந்து பேனாவை வாங்கி, தன் மொழி எழுத்தில் தானே எழுதினார். அதன் கீழே தமிழில் நான் எழுதினேன். தளபதியின் பெயரைத்தான் சொல்லமாட்டேன் என்றேன். இந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறேன்: ஹில்டா.